காலடி, அடிக்கீழ், அண்டர்ஃபுட்: ஒரு மலைப்பாதைக் குறிப்பின் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வழக்கு மிகச் சிறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு காட்டுப் பாதை. அங்கே நடக்க வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்காகத் தமிழில் ஒரு பக்க எச்சரிக்கைக் குறிப்பு எழுதியிருந்தார்கள். வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வருகிறார்கள் என்பதால் அதை ஆங்கிலத்திலும் அச்சடிக்க முடிவானது. மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். திருத்திப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

சிக்கல் எழுந்த இடம் மூலத்தில் இப்படி இருந்தது: “மூன்றாவது வளைவைத் தாண்டினால் காலடியில் சருகு மூடிக் கிடக்கும். சருகுக்கு அடியில் பாசி பிடித்த பாறை. வழுக்கும், பார்த்துக் கால் வைக்கவும்.”

ஆங்கிலத்தில் ‘அண்டர்ஃபுட்’ (underfoot, பாதத்துக்குக் கீழே) என்ற சொல் இரண்டு முறை வந்திருந்தது. சருகு ‘அண்டர்ஃபுட் ஆஃப் த வாக்கர்ஸ்’ கிடக்கிறது. பாறை ‘அண்டர்ஃபுட் த லீவ்ஸ்’ இருக்கிறது. மூன்றாவது வாக்கியத்தில் மட்டும் அந்தச் சொல் இல்லை. அங்கே ‘த ராக் வில் ஸ்லிப்’ என்று இருந்தது.

கடைசியில் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. ஆங்கிலம் படிக்கிற ஒருவர் அதைப் பார்த்தால், பாறை பெயர்ந்து சரியப்போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டு நடப்பார். நாம் சொல்ல வந்ததோ, கீழே பார்த்து நட என்பது. எச்சரிக்கைக் குறிப்பில் இந்தப் பிசகு சாதாரணமானதல்ல. வேண்டாத இரண்டு இடத்தில் ‘அண்டர்ஃபுட்’ உட்கார்ந்திருந்தது. வேண்டிய ஒரு இடத்தில் அது இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் ‘அண்டர்ஃபுட் த லீவ்ஸ்’. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் ஏன் இப்படி எழுத வேண்டும்? காரணம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. நமக்கு ‘அடி’ என்றால் பாதமும்தான், கீழ்ப்பக்கமும்தான். திருவடி என்கிறோம், மரத்தடி என்கிறோம். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கிறது என்று சொல்லும்போது யாருக்கும் பாதம் நினைவுக்கு வருவதில்லை. காலடியும் சருகுக்கு அடியும் பக்கத்துப் பக்கத்து வாக்கியங்களில் நிற்கும்போது, இரண்டிலும் ஒரே ‘அடியில்’ இருப்பதால், இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போடத் தோன்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது நடக்காது. அங்கே ‘ஃபுட்’ பாதமாகவே நிற்கிறது. சருகுக்குப் பாதம் இல்லை. ஆகவே சருகுக்கு அடியில் என்பதற்கு வெறும் ‘அண்டர்’ போதும்.

‘அண்டர்ஃபுட் ஆஃப் த வாக்கர்ஸ்’ விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது ஆசிரியர் சட்டென்று பதில் சொன்னார்.

“தம்பி, அது என் சொந்தச் சரக்கு இல்லை. பைபிளில் இருக்கிறது. மலைப்பிரசங்கம், அஞ்சாம் அதிகாரம், உப்பு வசனம்.”

அவர் சொன்னது உண்மை. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பில், மத்தேயு 5:13-இல், சாரம் போன உப்பு வெளியே கொட்டப்பட்டு ‘ட்ராடன் அண்டர் ஃபுட் ஆஃப் மென்’ ஆகும் என்று வருகிறது. அப்போது இதை இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினார்கள். ‘அண்டர் ஃபுட்’ முடிந்த கையோடு ‘ஆஃப் மென்’ நிற்கிறது. பார்த்தால் ‘மனிதரின் காலடியில்’ என்றுதான் தோன்றும்.

“சார், அதே மலைப்பிரசங்கத்துல ஏழாம் அதிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துருவோமா?” என்றேன்.

ஏழாம் அதிகாரம் ஆறாம் வசனத்தில் பன்றிகள் முன் முத்துகளைப் போடக்கூடாது என்ற பகுதி. போட்டால் அவை மிதித்துவிடும். இங்கே அதே மொழிபெயர்ப்பு ‘அண்டர் தேர் ஃபீட்’ என்கிறது. இரண்டே அதிகார இடைவெளியில் ஒரு இடத்தில் ‘அண்டர் ஃபுட்’, இன்னொரு இடத்தில் ‘அண்டர் தேர் ஃபீட்’. யாருடைய பாதம் என்று சொல்ல வேண்டிவந்தபோது ‘தேர்’ என்ற சொல்லும் பன்மையும் வந்துவிட்டன, ‘அண்டர் ஃபுட்’ என்ற சேர்க்கை போய்விட்டது.

அப்படியானால் ஐந்தாம் அதிகாரத்தில் ‘ஆஃப் மென்’ என்ன செய்கிறது? அது ‘அண்டர் ஃபுட்’டோடு சேர்ந்ததே இல்லை. ‘ட்ராடன்’ (மிதிக்கப்பட்ட) என்ற வினையோடு சேர்ந்தது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ இன்றைய ‘பை’ செய்கிற வேலையையும் செய்தது. ஒரு அதிகாரம் முன்னால், 4:1-இல், ‘டெம்ப்டெட் ஆஃப் த டெவில்’ என்று இருப்பதும் அப்படித்தான்: பிசாசால் சோதிக்கப்பட. நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிக்கொடுக்கிறது. உப்பு வசனத்தில் “மனுஷரால் மிதிக்கப்படுவதற்கும்” என்று மூன்றாம் வேற்றுமை உருபு தெளிவாக நிற்கிறது. மனுஷரின் காலடியில் என்று இல்லை.

இன்னும் ஒரு படி போனால் விஷயம் சுவையாகிறது. கிரேக்க மூலத்தில் உப்பு வசனத்தில் பாதமே கிடையாது. மிதிக்கப்படும் என்ற வினை மட்டும் இருக்கிறது. முத்து வசனத்தில் ‘தங்கள் பாதங்களால்’ என்று இருக்கிறது. தமிழ் இரண்டையும் அப்படியே பின்பற்றியிருக்கிறது: ஒன்றில் வெறும் மிதித்தல், இன்னொன்றில் “தங்கள் கால்களால் அவைகளை மிதித்து”. ஆங்கிலம்தான் உப்பு வசனத்தில் தானாக ‘அண்டர் ஃபுட்’டைச் சேர்த்துக்கொண்டது. மிதித்தல் என்றாலே அந்த ஒட்டைச் சேர்க்கும் பழக்கம் ஆங்கிலத்துக்கு அப்போதே இருந்திருக்கிறது. இன்றும் உரிமைகளை மிதித்தார்கள், கொடியை மிதித்தார்கள் என்னுமிடத்தில் ‘ட்ராம்பிள்’ பின்னால் ‘அண்டர்ஃபுட்’ ஓடி வருகிறது. தமிழில் மிதிக்கக் கால் வேண்டும் என்று யாருக்கும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சரி, ஆஃப் போகட்டும். அப்போ ‘அண்டர்ஃபுட்’ என்றால் யாருடைய பாதம்?” என்று கேட்டார். இந்த ஆய்வில் யாரும் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான்.

அதற்குப் பதில் நம் மொட்டைமாடியிலேயே இருக்கிறது. ஓவர்ஹெட் டேங்க் என்று தினமும் சொல்கிறோம். யாருடைய தலைக்கு மேல்? அந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கே நிற்கிற எவருடைய தலைக்கும் மேல். ‘ஓவர்ஹெட் ஆஃப் மீ’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘அண்டர்ஃபுட்’ அதற்கு நேர் கீழ்ப்பக்கத்து உடன்பிறப்பு. யார் நடந்தாலும் அவருடைய பாதம். அதனால்தான் ஒருமை; அதனால்தான் ‘மை’, ‘யுவர்’ எதையும் அது ஏற்பதில்லை; அதனால்தான் அதற்குப் பின்னால் இன்னொரு பெயர்ச்சொல்லைக் கோக்க முடியாது. பாதம் ஏற்கெனவே சொல்லுக்குள் இருக்கிறது. இலக்கணப் புத்தகம் இதை வினையடை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். படிக்கிறவருக்கு அதைவிட இந்த டேங்க் உதவும்.

ஆனால் ஓவர்ஹெட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஓவர்ஹெட்தான். விமானமும் ஓவர்ஹெட், மின்கம்பியும் ஓவர்ஹெட். கீழே அப்படி இல்லை. அண்ணா சாலையில் நிற்கிறோம்; கீழே மெட்ரோ ஓடுகிறது. அதை ஆங்கிலத்தில் சொல்ல ‘பினீத் அவர் ஃபீட்’தான் இயல்பாக வரும். ‘அண்டர்ஃபுட்’ என்றால் செருப்பின் அடிப்பாகம் தொடுகிற அந்தப் பரப்புதான் பெரும்பாலும் மனதில் வரும்: ஈரம், சருகு, கூழாங்கல், பனி. கால் வைத்தால் எப்படி இருக்கிறது என்ற சேதியை நடக்கிறவரிடமிருந்து அது வாங்கித் தருகிறது.

இதை மிக அதிகமாகப் பயன்படுத்துகிறவர்கள் பிரிட்டனின் மலைநடைக்காரர்கள். ஸ்காட்லாந்தில் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரிச்சதுப்பு மண் மூடியிருக்கிறது. பார்க்கப் புல்வெளி மாதிரி இருக்கும். காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அங்கே பாதைகளைத் தொகுத்துத் தரும் வாக்ஹைலேண்ட்ஸ் என்ற இணையத்தளம் ஒவ்வொரு பாதைக்கும் எவ்வளவு சதுப்பு என்று தனியாக ஒரு மதிப்பீடு கொடுக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் ‘பாகி அண்டர்ஃபுட்’ (சதுப்பு), ‘ரஃப் அண்டர்ஃபுட்’ (கரடுமுரடு), ‘ஃபர்ம் அண்டர்ஃபுட்’ (கெட்டித் தரை) என்ற சேர்க்கைகள் வழிகாட்டிக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை. எந்தக் காலணி போடுவது, எவ்வளவு நேரம் ஆகும், வயதானவரை அழைத்துப் போகலாமா என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லில் முடிவாகிவிடும். குதிரைப் பந்தயத்திலும் ஓடுகளத்தின் ஈரப்பதத்தைப் பற்றிப் பேசும்போது இது வரும். பனிச்சறுக்குப் பலகை விற்கிறவர்கள் பலகையின் நடுப்பகுதி, அதாவது பாதம் நிற்கிற இடம், இத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதைக்கூட ‘அண்டர்ஃபுட்’ என்றே குறிக்கிறார்கள். எல்லாவற்றிலும் பாதம் பட்ட இடம்தான் கணக்கு.

இந்தச் சேர்க்கைகளில் ஒன்றைக் கவனிக்கலாம். ‘இட் இஸ் ஸ்லிப்பரி அண்டர்ஃபுட்’ என்கிற வாக்கியத்தில் ‘இட்’ எதையும் குறிக்கவில்லை. மழை பெய்கிறது என்பதற்கு ஆங்கிலம் போடுகிற அதே வெற்று ‘இட்’. எது வழுக்குகிறது, பாறையா, சேறா, பாசியா என்று சொல்ல அவசியமில்லை. இப்போது நம் மூலத்தைப் பாருங்கள்: “வழுக்கும், பார்த்துக் கால் வைக்கவும்.” அங்கேயும் எழுவாய் இல்லை! முன்னால் போகிறவர் திரும்பி, “பார்த்து, வழுக்குது” என்று சொன்னால் எது என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் தனியாக நிற்கும் ‘வழுக்குது’வுக்கு ஆங்கிலத்தில் ஏறக்குறைய இணையான வாக்கியம் இதுதான். ஆசிரியர் எழுவாய் இல்லாத வாக்கியத்தைக் கண்டு தயங்கி, பக்கத்தில் கிடந்த பாறையை எடுத்து எழுவாயாக்கிவிட்டார். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் முடியாது என்று நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தவருக்கு அது கை தானாகச் செய்யும் வேலை. அதனால்தான் பாறை சரிந்தது.

இங்கே எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ‘அண்டர்ஃபுட்’டுக்குத் தமிழில் ‘காலடியில்’ என்று ஒரே விடை எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் வழிதவறவிடும். தமிழ் இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது. சருகு மேல் நடந்தால் சரசர. சரளை மேல் நறநற. மழை விட்ட தோட்டத்தில் தரை சொதசொதவென்று இருக்கிறது. இந்த ஒலிக்குறிப்புகளைச் சொன்னாலே நடப்பவரின் பாதம் உள்ளே வந்துவிடுகிறது. ‘தரை சொதசொதன்னு இருக்கு’ என்று சொல்கிறவர் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லவில்லை என்று கேட்பவருக்குத் தெரியும். ஆகவே ஆங்கிலத்தில் ‘த லீவ்ஸ் க்ரஞ்ச்ட் அண்டர்ஃபுட்’ என்று வந்தால், ‘இலைகள் காலடியில் நொறுங்கின’ என்று எழுதுவதைவிடச் ‘சருகு சரசரக்க நடந்தான்’ என்பது உயிருள்ள தமிழ். மாறாக, நம்மவர் ஒருவர் ‘சரசரக்க நடந்தான்’ என்று எழுதியிருப்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது, மூலத்தில் காலே இல்லாவிட்டாலும் ‘அண்டர்ஃபுட்’ போட வேண்டிவரும். கால் என்ற சொல்லைத் தேடி மொழிபெயர்த்தால் இரண்டு திசையிலும் தப்பும். நடக்கிறாரா என்று பார்த்து மொழிபெயர்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். போதாததற்கு நம் ‘கால்’ தொடையிலிருந்து விரல் வரை முழுவதையும் குறிப்பதால், பள்ளிக் கட்டுரைகளில் ‘அண்டர் மை லெக்’ என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் அது மடக்கிய தொடைக்குக் கீழே எதையோ வைத்திருப்பது போல ஆகிவிடுகிறது.

இன்னொரு இடத்தில் கவனம் இன்னும் அதிகம் தேவை. தமிழ்ப் பக்தி மரபில் அடியின் கீழ் இருப்பது அடைக்கலம். “புகலொன்றில்லா அடியேன் உன் அடிக்கீழ் அமர்ந்து புகுந்தேனே” என்று நம்மாழ்வார் திருவேங்கடவனிடம் சொல்கிறார். போக்கிடம் இல்லாத ஒருவன் கடைசியாக வந்து சேர்ந்த இடம் அது. அதை யாராவது ‘அண்டர்ஃபுட்’ என்று ஆங்கிலத்தில் போட்டால் பாட்டே சிதைந்துபோகும். ஏனென்றால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குள் போன ஒரு மனிதர் ஒன்று மிதிபடுகிறார், இல்லை இடைஞ்சலாக இருக்கிறார். சரணாகதிக்கு அங்கே ‘அட் யுவர் ஃபீட்’ அல்லது ‘பினீத் யுவர் ஃபீட்’ என்று பாதத்தைத் தனியே எடுத்து, யாருடையது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். யாருடைய பாதம் என்பது தெரியாத சரணாகதி உண்டா? ‘அண்டர்ஃபுட்’ யாருடையது என்பதை விட்டுவிடுகிற சொல். நம்மாழ்வாருக்கோ அந்த ‘உன்’தான் எல்லாம்.

இடைஞ்சல் என்று சொன்னேன். அது இந்தச் சொல்லின் வீட்டுப் பயன்பாடு. அடுப்பிலிருந்து கொதிக்கும் ரசத்தை இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, மேசைக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். சரியாக அந்த நேரத்தில் பூனை வந்து கணுக்காலை உரசுகிறது; இல்லையென்றால் தவழுகிற குழந்தை. “காலுக்குள்ளேயே வந்து விழுது பாரு, தூக்குங்க அத!” என்று கத்துகிறோம். இந்தக் ‘காலுக்குள்ளே வந்து விழுதல்’தான் ‘கெட்டிங் அண்டர்ஃபுட்’. பிரிட்டனில் இதற்கே ‘அண்டர் மை ஃபீட்’ என்றும் சொல்வார்கள். குழந்தையை யாரும் மிதிக்கவில்லை. மிதித்துவிடுவோமோ என்ற பயம் மட்டும்தான். இதை மொழிபெயர்க்கும்போது ‘குழந்தைகள் காலடியில் இருந்தார்கள்’ என்று எழுதினால் தமிழில் பணிவாகக் கீழே உட்கார்ந்திருக்கிற படம் வரும். ‘காலைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்’ என்றால்தான் விஷயம் வரும்.

சரி, குறிப்புக்கு வருவோம். ஆசிரியரும் நானும் சேர்ந்து அந்த மூன்று வாக்கியத்தையும் கலைத்துப் போட்டோம். எச்சரிக்கைதான் முதலில் வர வேண்டும் என்பது அவருடைய யோசனை. மூலத்தில் அது கடைசியில் இருந்தது. முடிவாக நின்றது இது: “இட் இஸ் ஸ்லிப்பரி அண்டர்ஃபுட் ஆஃப்டர் த தேர்ட் பெண்ட். தேர் இஸ் மாஸி ராக் அண்டர் த ட்ரை லீவ்ஸ். வாட்ச் யுவர் ஸ்டெப்.” வழுக்கலுக்கு ‘அண்டர்ஃபுட்’, சருகுக்கு வெறும் ‘அண்டர்’. ‘காலடியில் சருகு மூடிக் கிடக்கும்’ என்ற முதல் வாக்கியத்துக்குத் தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. பாறை எதற்குக் கீழே இருக்கிறது என்று சொன்னதிலேயே சருகும் வந்துவிட்டது.

பின்னால் ஓரிடத்தில், இறக்கத்தில் கல் உருளும் என்று மூலத்தில் இருந்தது. அங்கே ‘லூஸ் ஸ்டோன்ஸ் அண்டர்ஃபுட்’ போடலாமே என்று ஆசிரியரே கேட்டார். போட்டோம். மேலிருந்து உருண்டு வருகிற கல்லா, கால் பட்டு உருள்கிற கல்லா என்ற குழப்பம் தமிழ் மூலத்திலேயே இருந்தது. ‘அண்டர்ஃபுட்’ அதை ஒரே அடியில் தீர்த்துவிட்டது. தமிழிலும் ‘கால் பட்டால் கல் உருளும்’ என்று திருத்தச் சொல்லி எழுதி அனுப்பினேன்.

கடைசித் தகராறு அட்டையைப் பற்றி. “மழைக்காலத்தில் காலடியில் அட்டை இருக்கும்” என்று மூலத்தில் இருந்தது. ‘லீச்சஸ் அண்டர்ஃபுட்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார். இலக்கணப்படி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மிதிபடுகிற அட்டையால் யாருக்கும் ஆபத்து இல்லை. செருப்பின் ஓரத்தில் தொற்றி, காலுறையின் நெசவுக்குள் நுழைந்து, மேலே ஏறுகிறதே அதுதான் விஷயம். கீழே கிடப்பதாகச் சொன்னால் படிக்கிறவர் தரையைப் பார்ப்பார். தன் காலைப் பார்க்கமாட்டார்.

“சரிதான். அது கீழே இருக்கிற பிராணி இல்லை, மேலே வருகிற பிராணி,” என்றார் ஆசிரியர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அட்டை காலில் ஏறும், கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளவும் என்று எழுதினார். தமிழ்க் குறிப்பிலும் அந்த வரி இப்போது இப்படி மாறியிருக்கிறது: “மழைக்காலத்தில் அட்டை காலில் ஏறும். அடிக்கடி நின்று பார்த்துக்கொள்ளவும். கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும்.”